ஊர் போனது... ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்! ஆல்ப்ஸ் மலைக் கிராமம் பிளாட்டனின் கதை

2025 மே 28, புதன்கிழமை. மதியம் 3.24 மணி. சுவிட்சர்லாந்தின் நிலநடுக்க ஆய்வுக் கருவிகளில் திடீரென ஓர் அதிர்வு பதிவானது. அளவு 3.1. ஆனால், அது நிலநடுக்கம் அல்ல. ஒரு மலையின் தோளில் இருந்த பனியாறு, தன் முதுகில் சுமந்திருந்த பாறைகளோடு சேர்ந்து அப்படியே பள்ளத்தாக்கில் சரிந்து விழுந்த அதிர்வு அது.

தூசு மேகம் அடங்கியபோது, கீழே இருந்த பிளாட்டன் என்ற கிராமத்தைக் காணவில்லை. தேவாலயம், ஹோட்டல், மாட்டுக்கொட்டகைகள், நூற்றாண்டுகளைக் கடந்த மர வீடுகள் என ஊரின் சுமார் 90 சதவிகிதம் மண்ணுக்கும் பாறைக்கும் பனிக்கும் அடியில் போய்விட்டது.

ஆனால் அந்த நிமிடத்தில் ஊருக்குள் யாரும் இல்லை. சுமார் 300 பேர் வாழ்ந்த அந்த ஊரை 9 நாள்களுக்கு முன்பே காலி செய்திருந்தார்கள். அப்படி என்ன ஊர் அது? எத்தனை காலம் அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள்? மலை விழப்போகிறது என்பது முன்கூட்டியே எப்படித் தெரிந்தது? இனி அங்கே மறுபடியும் ஓர் ஊர் எழுமா?

சுரங்கத்தைத் தாண்டினால் வேறொரு உலகம்

சுவிட்சர்லாந்தின் தென்மேற்கில் இருக்கிறது வாலே மாநிலம். அதன் நடுவே ஓடுவது ரோன் நதி. அந்த நதிக்கு வடக்கே மலைகளைக் குடைந்துகொண்டு செல்லும் பக்கவாட்டுப் பள்ளத்தாக்குகளில் மிகப் பெரியது லோட்ஷென்டால். அந்தப் பள்ளத்தாக்கின் கடைசி ஊர்தான் பிளாட்டன். கடல் மட்டத்திலிருந்து 1,540 மீட்டர் உயரம். நம் கொடைக்கானலைவிடத் தாழ்வுதான். ஆனால், சுற்றி நிற்கும் மலைகள் 3,000 மீட்டரைத் தாண்டுபவை. தெற்கே நிற்கும் பீட்ஷ்ஹார்ன் சிகரத்தின் உயரம் 3,934 மீட்டர்.

தலைநகர் பெர்னிலிருந்து போகிறவர்கள் பழைய மலைப்பாதை ரயிலில் ஏறி, ஸ்பீட்ஸ், காண்டர்ஸ்டெக் வழியாக வர வேண்டும். அதன்பிறகு 14.6 கிலோமீட்டர் நீளமுள்ள லோட்ஷ்பெர்க் சுரங்கம். இருட்டைக் கடந்து வெளியே வந்ததும் கொப்பன்ஸ்டைன் என்ற சிறிய ரயில் நிலையம். அங்கே இறங்கி, மஞ்சள் நிற அஞ்சல் பேருந்தைப் பிடித்தால் ஃபெர்டன், கிப்பல், வீலர் என்று வரிசையாக மூன்று கிராமங்கள் வரும். நான்காவது பிளாட்டன். நான்கு ஊரையும் சேர்த்தாலே சுமார் 1,500 பேர்தான்.

ஊர் சிறியது என்றாலும், அதன் எல்லை சிறியதல்ல. பிளாட்டன் பஞ்சாயத்தின் பரப்பு 90 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி பாறையும் பனியும்தான். ஐஸ்டன், வைசன்ரீட், ரீட் எனச் சில குக்கிராமங்களும் அதற்குள் அடக்கம். ஊரைத் தாண்டி இன்னும் மேலே போனால் ஃபாஃப்லர்ஆல்ப் என்ற கோடைக்கால மேய்ச்சல் நிலம். அதற்கும் மேலே, பள்ளத்தாக்கின் தலைமாட்டில், லாங் பனியாறு. 'நீண்ட பனியாறு' என்று பொருள். அங்கே உருகும் நீர்தான் லோன்ஸா ஆறாக ஊரின் ஓரமாக ஓடிவந்து ரோனில் கலக்கிறது. ரோனோடு ஜெனீவா ஏரிக்குப் போய், அங்கிருந்து பிரான்ஸ் வழியாக மத்தியதரைக்கடலைச் சேர்கிறது.

'லோன்ஸா' என்ற பெயரை எங்கோ கேட்டதுபோல இருக்கிறதா? கொரோனா காலத்தில் மாடர்னா தடுப்பூசிக்கான மூலப்பொருளைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் அதுதான். 1897-ல் இந்த ஆற்றின் நீரில் மின்சாரம் எடுப்பதற்காக, பள்ளத்தாக்கின் வாயிலில் உள்ள காம்பல் என்ற ஊரில் தொடங்கிய நிறுவனம், ஆற்றின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த மருந்து உற்பத்தி நிறுவனமான அதன் பெயரைச் சொல்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மலை ஆறு என்று தெரியும்!

ஒரு சின்னக் குறிப்பு: கூகுள் மேப்பில் தேடுகிறவர்கள் குழம்ப வேண்டாம். இதே வாலே மாநிலத்தில் நாட்டர்ஸ் நகருக்கு மேலே இன்னொரு பிளாட்டனும் இருக்கிறது. பனியாற்றில் புதைந்தது லோட்ஷென்டால் பிளாட்டன்.

பாறையின் மேல் ஓர் ஊர்

பழைய ஆவணங்களில் இந்த ஊர் 1433-ம் ஆண்டில் தலைகாட்டுகிறது. 'பாறைப் பலகையின் மேல்' என்று பொருள் தரும் பழைய ஜெர்மன் சொற்களில் ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, ஏறக்குறைய 600 ஆண்டு எழுத்துச் சான்று உள்ள ஊர்.

இடைக்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு டர்ன் என்ற பிரபுக் குடும்பத்தின் பிடியில் இருந்தது. அந்தக் குடும்பத்துக்கும், வாலேயை ஆண்ட சீயோன் நகர பிஷப்புக்கும் ஓயாத சண்டை. 1375-ல் டர்ன் பிரபுவின் ஆட்கள் வயதான பிஷப்பைக் கோட்டையிலிருந்து கீழே தள்ளிக் கொன்றார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள். டர்ன் குடும்பம் துரத்தியடிக்கப்பட்டது.

அத்தோடு லோட்ஷென்டால் மக்களுக்கு விடிவு வந்துவிட்டதா என்றால், இல்லை. பிரபு போன இடத்தில், ரோன் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் இருந்த ஐந்து மாவட்டங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. எஜமானர்கள் மாறினார்களே தவிர, அடிமைத்தனம் மாறவில்லை. 1790-ல்தான் இந்தப் பள்ளத்தாக்கு மக்கள் பணம் கொடுத்துத் தங்கள் சுதந்திரத்தை விலைக்கு வாங்கினார்கள். அதற்கு 25 ஆண்டுகள் கழித்து, 1815-ல், வாலே மாநிலமே சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது.

இன்று உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று சுவிட்சர்லாந்து. ஆனால், இந்த மலைக் கிராமங்கள் பல நூற்றாண்டுகள் வறுமையில் கிடந்தவை. இளைஞர்கள் கூலிப்படை வீரர்களாக வெளிநாட்டு மன்னர்களின் படைகளில் சேர்ந்தார்கள். அதன் நினைவு இன்றும் லோட்ஷென்டாலில் உண்டு. கோடையின் தொடக்கத்தில் வரும் கத்தோலிக்கத் திருவிழா ஊர்வலங்களில், பழைய கூலிப்படைச் சீருடையும் உயரமான தொப்பியும் அணிந்து ஆண்கள் அணிவகுத்துப் போவார்கள். 'ஆண்டவரின் படைவீரர்கள்' என்று அவர்களுக்குப் பெயர்.

எலிக்குத் தடை போட்ட கல்

பிளாட்டனின் பழைய வீடுகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடித்தளம் கல். அதன்மேல் லார்ச் மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டிய சுவர்கள். பல தலைமுறை வெயில் பட்டுப் பட்டு மரம் கரிய பழுப்பு நிறத்துக்கு மாறியிருக்கும். ஜன்னலில் சிவப்புப் பூக்கள்.

வீடுகளுக்கு நடுவே தானியக் குதிர்கள். இவை கால்களின் மேல் நிற்கும் சிறிய மரக்கட்டடங்கள். ஒவ்வொரு காலுக்கும் கட்டடத்துக்கும் இடையே வட்டமான தட்டைக் கல் ஒன்று குடை மாதிரி விரிந்திருக்கும். எதற்கு என்கிறீர்களா? எலி காலில் ஏறி வந்தாலும், அந்தக் கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாக நடந்து தாண்ட முடியாது! மலைச்சரிவில் கிடைக்கும் கொஞ்ச நஞ்சத் தானியம் அவ்வளவு முக்கியம். குளிரைத் தாங்கும் 'ரை' என்ற அந்தத் தானியத்தில் சுட்ட ரொட்டியைக் காயவைத்து மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவார்கள்.

நிலமும் வீடும் பங்கு பிரிப்பதில் வாலே மக்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு. நிலம் துண்டு துண்டாகும். ஒரே வீட்டின் கீழ்த்தளம் ஒருவருக்கு, மேல்தளம் இன்னொருவருக்கு என்று பிரியும். ஆனால், கோடை மேய்ச்சல் நிலம் மட்டும் பொதுச்சொத்து. யார் எத்தனை மாடுகளை மேலே ஓட்டிப்போகலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. பனி உருகியதும் மாடுகள் மலையேறும். பனி விழுவதற்கு முன் இறங்கும். வருடத்தின் காலண்டரே மாடுகளின் காலடியில்தான்.

1930-களின் தொடக்கத்தில், வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்தப் பள்ளத்தாக்கைத் தேடி வந்தார். நவீன உணவு எட்டாத இடங்களில் மனிதர்களின் பற்கள் எப்படி இருக்கின்றன என்பது அவருடைய தேடல். லோட்ஷென்டால் குழந்தைகளிடம் சொத்தைப்பல் மிகவும் குறைவாக இருந்ததாக அவர் பதிவு செய்தார். ரை ரொட்டி, பால், சீஸ், எப்போதாவது இறைச்சி... இதுதான் அவர்களின் சாப்பாடு. அதையே காரணமாகச் சொன்னார். அவர் எட்டிய முடிவுகளைப் பின்னால் வந்தவர்கள் பலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனால், 20-ம் நூற்றாண்டிலும் இந்தப் பள்ளத்தாக்கு எவ்வளவு தனித்திருந்தது என்பதற்கு அவர் வந்ததே ஒரு சாட்சி.

நிழல் பக்கத்துத் திருடர்கள்

குளிர்காலத்தில் லோட்ஷென்டாலுக்குப் போகிறவர்கள் சற்று தைரியத்தோடுதான் போக வேண்டும். பிப்ரவரி 2-ம் தேதிக்குப் பிறகு, கத்தோலிக்கர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முன்பான நாள்களில், தெருவில் பூதங்கள் திரியும்!

'செகாட்டா' என்று அவற்றுக்குப் பெயர். ஆட்டுத்தோலும் செம்மறித்தோலும் போர்த்திய உடல். இடுப்பில் மாட்டு மணி. முகத்தில் மரத்தில் செதுக்கிய கோரமான முகமூடி. கோணல் வாய், அதில் நிஜ மாட்டுப் பற்கள்கூட இருக்கும். எதிரே வருகிறவரைப் பிடித்து முகத்தில் பனியைத் தேய்த்துவிட்டு ஓடும். முன்பெல்லாம் திருமணமாகாத வாலிபர்கள் மட்டுமே இந்த வேஷம் போடலாம். இப்போது பெண்களும் சிறுவர்களும்கூடப் போடுகிறார்கள். முகமூடி செதுக்குவது பள்ளத்தாக்கு முழுக்கப் பரம்பரைக் கைத்தொழில்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் வெயில் படாத நிழல் பக்கத்து மலைச்சரிவில் திருடர்கள் வாழ்ந்தார்களாம். ராத்திரியில் தோலைப் போர்த்திக்கொண்டு, முகத்தை மறைத்துக்கொண்டு இறங்கிவந்து, வெயில் பக்கத்து ஊர்களில் திருடிவிட்டுப் போவார்களாம். கதைதான். ஆனால், ஆபத்து என்பது நிழல் பக்கத்திலிருந்து வரும் என்று நினைத்த அந்த முன்னோர்கள் சொன்னது 2025-ல் வேறு விதத்தில் பலித்துவிட்டது. பிளாட்டனை அழித்த பனியாறு, வெயில் குறைவாக விழும் அந்தத் தெற்குச் சரிவில்தான் இருந்தது.

மலையோடு போட்ட சண்டைகள்

மலை தன் கோபத்தைக் காட்டுவது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. 1906-ல் லோட்ஷ்பெர்க் ரயில் சுரங்க வேலை தொடங்கியது. 1908 பிப்ரவரி 29 அன்று கொப்பன்ஸ்டைனில் பனிச்சரிவு தாக்கி 12 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், சுரங்கம் தோண்டியவர்கள் மலைக்குள் தாங்கள் எதிர்பார்த்த பாறைக்குப் பதிலாக, மேலே ஓடிய ஆற்றின் வண்டல் படுகையை உடைத்துவிட்டார்கள். தண்ணீரும் சேறும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. 25 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பாதையை வளைத்துத் திருப்பித்தான் 1913-ல் சுரங்கத்தைத் திறக்க முடிந்தது.

அந்த ரயில் பாதைதான் லோட்ஷென்டாலை உலகத்தோடு இணைத்தது. மலையேறிகள் அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தார்கள். பீட்ஷ்ஹார்ன் உச்சியை முதலில் தொட்டவர் ஆங்கில எழுத்தாளர் லெஸ்லி ஸ்டீபன். 1859-ல் உள்ளூர் வழிகாட்டிகளோடு ஏறினார். நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃபின் தந்தை அவர். ரயில் வந்தபின் சுற்றுலா மெல்ல வளர்ந்தது. 2001-ல் யுங்ஃபிராவ், அலேட்ஷ் பனியாறு, பீட்ஷ்ஹார்ன் ஆகியவை அடங்கிய பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பர்ய இடமாக அறிவித்தது.

வளர்ந்துகொண்டிருந்த விநோதப் பனியாறு

இப்போது ஊருக்கு மேலே பார்ப்போம். பீட்ஷ்ஹார்ன் மலைத்தொடரில், 3,300 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கிளைனஸ் நெஸ்ட்ஹார்ன் என்ற துணைச் சிகரம். அதன் அடியில், செங்குத்தான சரிவில் ஒட்டிக்கொண்டிருந்தது பிர்ஷ் பனியாறு.

ஆல்ப்ஸ் மலையில் பனியாறுகள் எல்லாம் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் பனியில் சுமார் 10 சதவிகிதத்தை இழந்தன. ஆனால், பிர்ஷ் பனியாறு மட்டும் சில ஆண்டுகளாக முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. கேட்க நல்ல செய்திபோலத் தோன்றும். உண்மையில் அது ஆபத்தின் அறிகுறி.

என்ன நடந்தது என்றால், மேலே உள்ள சிகரத்திலிருந்து பாறைகள் உடைந்து பனியாற்றின் மேல் விழுந்துகொண்டே இருந்தன. அந்தக் கற்குவியல் போர்வைபோல மூடியதால் அடியில் இருந்த பனி உருகுவது குறைந்தது. அதேசமயம், பாறைகளின் எடை பனியாற்றைக் கீழ்நோக்கித் தள்ளியது. தலையில் சுமையை ஏற்றிக்கொண்டே போனால், சரிவில் நிற்கிறவன் முன்னோக்கித்தானே சறுக்குவான்? அதுபோலத்தான்.

இந்தப் பனியாற்றிலிருந்து முன்பும் பனி உடைந்து விழுந்ததுண்டு. அதனால் 1990-களிலிருந்தே அது கண்காணிப்பில் இருந்தது. அந்தக் கண்காணிப்புதான் கடைசியில் ஊர்மக்களின் உயிரைக் காப்பாற்றியது.

அந்த 9 நாள்கள்

2025 மே மாத நடுவில், கிளைனஸ் நெஸ்ட்ஹார்னில் பெரிய பாறைச்சரிவுகள் தொடங்கின. சிகரத்தின் ஒரு பக்கமே நகர்வது தெரிந்தது. மே 17 அன்று ஊரின் ஒரு பகுதி மக்களை வெளியேற்றினார்கள். மே 19 அன்று உத்தரவு முழு ஊருக்கும் வந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். ஆடு, மாடு, முயல்களையும் விட்டுவிடவில்லை. நடக்க முடியாத ஒரு பசுவை ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிப்போன காட்சி அப்போது உலகம் முழுக்கப் பரவியது.

கிளம்பியவர்களில் பலர் சில நாள்களில் திரும்பிவிடுவோம் என்றே நினைத்திருப்பார்கள். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2023 மே மாதத்தில், கிழக்கு சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் கிராமத்தை இதேபோலக் காலி செய்தார்கள். ஜூன் 15 இரவில் சரிந்த மலை, ஊரின் வாசலுக்கு மிக அருகில் வந்து நின்றுவிட்டது. வீடுகள் தப்பின. ஜூலையில் மக்கள் வீடு திரும்பினார்கள்.

பிளாட்டனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சிகரத்திலிருந்து நாள்தோறும் விழுந்த பாறைகள் பனியாற்றின் மேல் மேலும் மேலும் குவிந்தன. கடைசி நாள்களில் பனியாறு ஒரு நாளைக்கு 10 மீட்டர் வேகத்தில் நகர்ந்தது. மே 28 மதியம் மொத்தமும் பிய்த்துக்கொண்டு வந்தது.

கீழே வந்த பாறையும் பனியும் சேர்ந்து ஒரு கோடி கன மீட்டருக்கு நெருக்கம். ஒரு டிப்பர் லாரியில் 10 கன மீட்டர் அள்ளலாம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 10 லட்சம் லோடு! பள்ளத்தாக்கில் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு அது பரவிக் கிடந்தது.

பிரச்னை அத்தோடு முடியவில்லை. அந்தக் குவியல் லோன்ஸா ஆற்றை அடைத்துவிட்டது. தண்ணீர் தேங்கி ஏரியானது. பாறைகளிலிருந்து தப்பிய சில வீடுகளும் அந்தத் தண்ணீரில் மூழ்கின. அடைப்பு திடீரென உடைந்தால் கீழே உள்ள ஊர்களின் கதி என்ன? ஃபெர்டனில் உள்ள அணையை முன்னெச்சரிக்கையாகக் காலி செய்து, வெள்ளம் வந்தால் பிடித்துவைக்கத் தயாராக வைத்தார்கள். நல்லவேளையாக, சில நாள்களில் ஆறு அந்தக் குவியலுக்குள் மெல்ல மெல்லத் தனக்கென ஒரு வழியை அறுத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது.

இந்தப் பேரழிவு ஓர் உயிரைப் பலிகொண்டது. அன்று அந்தப் பகுதியில் இருந்த 64 வயது மனிதர் ஒருவர் காணாமல்போனார். சில வாரங்கள் கழித்துத்தான் அவருடைய உடல் கிடைத்தது.

முன்பு நடந்தது, இப்போது நடந்தது

சுவிட்சர்லாந்தின் பழைய கணக்கைப் பார்த்தால்தான் இந்த 9 நாள்களின் மதிப்பு புரியும்.

1806 செப்டம்பர் 2: மழையில் ஊறிய மலை சரிந்து கோல்டாவ் கிராமத்தின் மேல் விழுந்தது. 457 பேர் இறந்தார்கள்.

1881 செப்டம்பர் 11: கற்பலகை வெட்டியெடுத்த குவாரிக்கு மேலிருந்த மலை சரிந்து எல்ம் கிராமத்தில் விழுந்தது. 115 பேர் இறந்தார்கள்.

1965 ஆகஸ்ட் 30: இதே வாலே மாநிலத்தில், மாட்மார்க் அணை கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களின் முகாம் மேல் அல்லாலின் பனியாறு உடைந்து விழுந்தது. 88 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். முகாமை பனியாற்றின் நேர் கீழே அமைத்திருந்தார்கள்.

மலை விழுவதை அன்றும் தடுக்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பதும், சொன்னதும் கிளம்புவதும் எத்தனை உயிரைக் காக்கும் என்பதை பிளாட்டன் காட்டியது. கேமரா, ரேடார் போன்ற கருவிகள் இருந்தன. அதைப் படித்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். சொன்னதை நம்பி, வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேற மக்கள் தயாராக இருந்தார்கள். மூன்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் கதை வேறு.

நம் இமயமலையும் இதைப் பார்த்திருக்கிறது. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் பாறையும் பனியும் சேர்ந்து சரிந்தபோது, நீர்மின் திட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உட்பட 200 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல்போனார்கள். அவர்களுக்கு 9 நாள் அல்ல, 9 நிமிட முன்னறிவிப்புகூடக் கிடைக்கவில்லை.

காலநிலை மாற்றம்தான் காரணமா?

எல்லோரும் கேட்ட கேள்வி இது. விஞ்ஞானிகள் நிதானமாகவே பதில் சொல்கிறார்கள். உயரமான சிகரங்களில் பாறையின் வெடிப்புகளுக்குள் ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் பனி, சிமென்ட் மாதிரி பாறைகளைப் பிடித்துவைத்திருக்கிறது. வெப்பம் கூடும்போது அந்தப் பிடி தளர்கிறது. ஆல்ப்ஸ் பகுதி உலக சராசரியைவிட வேகமாகச் சூடாகிறது என்பதும் உண்மை.

ஆனால், மலைகள் வெப்பம் கூடுவதற்கு முன்பும் சரிந்திருக்கின்றன. பாறையின் அமைப்பு, வெடிப்புகள், சரிவின் கோணம் எல்லாமே சேர்ந்துதான் ஒரு சிகரம் உடைகிறது. இந்த ஒரு நிகழ்வில் வெப்பத்தின் பங்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்வது எளிதல்ல. இனி இப்படிப்பட்ட மலைகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

மறுபடியும் கட்டலாமா?

பிளாட்டனில் ஏற்பட்ட காப்பீட்டு இழப்பு சுமார் 32 கோடி சுவிஸ் ஃபிராங்க் என்று காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு மதிப்பிட்டது. சுவிட்சர்லாந்தில் தீக்காப்பீடு எடுக்கும் வீட்டுக்குச் சட்டப்படி இயற்கைப் பேரிடர் காப்பீடும் சேர்ந்தே வரும். அபாயமான மலையடியில் இருப்பவருக்கும், சமவெளி நகரத்தில் இருப்பவருக்கும் அதற்கான கட்டண விகிதம் ஒன்றுதான். அதாவது, மலைக்காரரின் ஆபத்தை நகரத்துக்காரரும் சேர்ந்து சுமக்கிறார். மத்திய அரசு உடனடி உதவியாக 50 லட்சம் ஃபிராங்க் அறிவித்தது. நாடு முழுவதிலிருந்தும் நன்கொடைகள் குவிந்தன.

கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. 300 பேருக்காக இவ்வளவு பணம் செலவழித்து, ஆபத்தான மலைப் பள்ளத்தாக்கில் மறுபடியும் ஊர் கட்ட வேண்டுமா? அவர்களைச் சமவெளிக்கு வரச் சொன்னால் என்ன? சுவிஸ் பத்திரிகைகளில் இதை வெளிப்படையாகவே விவாதித்தார்கள்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுத்த மலை, அடுத்த கிராமம் என்று செலவு கூடிக்கொண்டே போகலாம். ஆனால், மறுபக்கத்து நியாயமும் சிறியதல்ல. மேய்ச்சல் நிலங்களைப் பராமரிப்பவர்கள், பனிச்சரிவைத் தடுக்கும் காடுகளைக் காப்பவர்கள், மலையில் முதல் விரிசலைக் கவனிப்பவர்கள் எல்லாம் அங்கேயே வாழும் மக்கள்தான். அவர்கள் இறங்கிவிட்டால் அந்த மலையை யார் பார்த்துக்கொள்வது? பிளாட்டன் இல்லாமல் போனால், அடுத்து வீலர், கிப்பல் என்று ஒவ்வோர் ஊராகக் காலியாகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஊர்மக்களின் முடிவு ஆரம்பத்திலேயே தெளிவாக இருந்தது. திரும்பிப் போக வேண்டும். ஊரின் தலைவர் மத்தியாஸ் பெல்வால்ட் பேரழிவு நடந்த அன்றே, ஊரைத்தான் இழந்தோம், நம்பிக்கையை அல்ல என்ற பொருளில் பேசினார். மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, முதலில் தப்பிப் பிழைத்த குக்கிராமங்களுக்குச் சாலை, மின்சாரம், தண்ணீர் மீண்டும் கிடைக்க வேண்டும். அதன்பிறகு, ஆபத்து வரைபடத்தைப் புதிதாக வரைந்து, பாதுகாப்பான இடத்தில் புதிய ஊர். 2029 என்பது இலக்கு ஆண்டு.

அது பழைய பிளாட்டனாக இருக்காது. வெயிலில் கறுத்த அந்த மரச்சுவர்களை எந்தத் தச்சராலும் நான்கு ஆண்டுகளில் செய்துவிட முடியாது. பாட்டன் செதுக்கிய முகமூடி, கல்யாணப் புகைப்படம், பிள்ளைகளின் உயரத்தைக் குறித்துவைத்த கதவு எல்லாம் பாறைகளுக்கு அடியில்தான் இருக்கின்றன. எந்தக் காப்பீட்டுப் படிவத்திலும் அவற்றுக்கு விலை எழுத இடமில்லை.

என்றாலும், காகிதத்தில் பிளாட்டன் இன்னும் ஒரு பஞ்சாயத்துதான். அதற்குத் தலைவர் இருக்கிறார், வாக்காளர்கள் இருக்கிறார்கள். ஊர்மக்கள் பலர் வீலரிலும் கிப்பலிலும் ஃபெர்டனிலும் வாடகை வீடுகளிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தபடி, தங்கள் ஊருக்காகக் கூடிப் பேசுகிறார்கள். 1433-ல் ஏதோ ஒரு பத்திரத்தில் எழுதப்பட்ட ஊர்ப் பெயர் அது. அதை இன்னும் யாரும் அடிக்கவில்லை!